ஒண்ணுமில்லங்க

சுவர்த்திரையில் சிவப்புக் கோடு நீலக் கோட்டைவிட்டு மறுபடியும் விலகியது. பூங்கோதை பாட்டை நிறுத்தினாள்.

"கடைசி எடத்துலதான் போச்சு, இன்னொரு தடவை பாடு," என்றான் தணிகைவேல். பதினைந்து வயதில் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவன் அவன். மனைவியின் பாட்டை உணர்வுவரைவியில்தான் பார்ப்பான். குரலின் நடுக்கம், அழுத்தம், தயக்கம் எல்லாவற்றையும் அது உடனுக்குடன் கோடாக இழுக்கும். நீலம் ஆசிரியையின் கோடு, சிவப்பு மாணவியுடையது. இரண்டும் பொருந்தினால் உருக்கம் கைவந்துவிட்டதாகக் கணக்கு. திருச்சியில் பாட்டு கற்பவர் வீடுகளிலெல்லாம் இப்போது இந்தத் திரைதான். ஓராண்டில் அந்தக் கோடுகளைப் படிக்கவே அவன் பழகிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, பாடாமல் திரைமுன் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லங்க. வெறும் சளிதான்."

உதட்டசைவைப் படித்தவன் திரையையும் பார்த்தான். கோடு வெடவெடத்தது.

"பயப்படுறியே. பாட்டுல அழற எடத்துல இப்படித்தான் வரும்."

"மைக்ல ஏதோ கோளாறு," என்று திரையை அணைத்துவிட்டாள்.

மார்பிலிருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு தெரிய வெள்ளியாகும். அதுவரை அவனைக் கலங்கவைக்க அவளுக்கு மனமில்லை. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், என்றோ "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டபோது பதிவான தன் கோட்டை நீலமாக வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிப் பழகினாள். முதலில் குரல் உடைந்தது. மூச்சை அடக்கினாள், தொண்டையைத் தளர்த்தினாள். மாலைக்குள் கோடு படிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் திரையைப் போட்டுவிட்டு அவன் மறுபடி கேட்டான். அவள் சொன்னாள். காலையில் அவள் வைத்த நீலக் கோட்டோடு சிவப்பு பிசிறில்லாமல் பொருந்தியது. எந்தப் பாட்டிலும் அவளுக்கு அப்படி வந்ததில்லை. அது அவனை இரண்டு நாள் உறுத்தியது.

வெள்ளி மதியம் டாக்டர் போனில் பேசினார். வெறும் நீர்க்கட்டி, பயமில்லை, அறிக்கை திங்கட்கிழமை கிடைக்கும். சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஓடிவந்தாள். அரைநாள் விடுப்பில் அப்போதுதான் வந்திருந்த தணிகைவேல், வரைவி சேமித்திருந்த பயிற்சிகளைத் திறந்து வைத்திருந்தான். "ஒண்ணுமில்லங்க" என்ற ஒரே சொல்லுக்கு நாற்பத்தொரு கோடுகள்.

கட்டி, சோதனை, டாக்டர் சொன்னது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "இப்ப நெசமாவே ஒண்ணுமில்லங்க."

நாக்குக்குப் பழகிப்போன வடிவத்திலேயே அந்தச் சொல் வந்தது. திரையில் முழுப் பொருத்தம்.

"இதுக்கு எத்தனை தடவை பழகினே?"

"சத்தியமா இதைப் பழகலங்க! திங்கக்கிழமை நீங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து அறிக்கையப் பாருங்க!"

அவன் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. கோடு எப்படி வருகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.