துண்டுக்கடியில் ஒரு பேரம்

காரணம் சொல்லாமல் விட்டுக்கொடுக்க வழியே கிடையாது. அன்புக்கரசி அந்த இரண்டு புரோகிராம்களையும் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஒரு கம்ப்யூட்டர் மில் நூல் விற்கும், எதிர்மேசைக் கம்ப்யூட்டர் வாங்கும். இரண்டும் விலையோடு காரணமும் சொல்லும், எதிராளியின் காரணம் தன்னுடையதை உடைத்தால்தான் இறங்கிவரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆளில்லாத பீளமேட்டு ஆபீசில், விற்கிற பக்கம் ‘சரி’ என்று மட்டும் போட்டுவிட்டு நின்றிருந்தது. காரணத்துக்கான இடம் காலி.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்குள், எங்கிருந்தோ மாட்டுச் சாணியின் வாடையும் லேசாக வந்தது. வாங்குகிற கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தூசி படாமல் அப்பாவின் பழைய துண்டால் மூடி வைத்திருந்தாள். முதலாளி கிருபாசங்கர் சாரின் தோட்டத்தில் பண்ணையாளாக இருக்கும் அப்பா ராசப்பன், அவர் வீட்டு மாடுகளைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய், இந்தத் துண்டுக்கடியில்தான் விரல் பிடித்து விலை பேசுவார். கயிறு அறுத்த தழும்போடு இருக்கும் அந்தக் கட்டைவிரல் பேசிய பேரத்தைத்தான் மகள் புரோகிராமாக்கினாள். நாளைக்கு மில்காரர்கள் முன்னால், அவள் பேரில், அது ஓடப்போகிறது.

வாங்குகிற திரையில் புதிய வரி. ஆங்கில எழுத்தில் தமிழ். அவள் எழுதாத தமிழ்.

*லோகப்பிரியா பேருல போட்டுக்கறேன்.*

போனை எடுத்துச் சாரைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க சார், புரோகிராம்ல ஆராச்சும் கை வெச்சீங்களா?”

“இல்லீங்க அம்மணி. நானே கூப்பிடோணும்னு இருந்தேன். நாளைக்கு நம்ம அண்ணன் புள்ள லோகப்பிரியா பேசட்டுங்க. அவ பேருலயே போட்டுக்கலாம்.”

“எழுதுனது நானுங்க!”

“ஆரு இல்லீன்னா? மில்காரங்க முன்னால நிக்கறதுக்கு ஒரு இது வேணுமில்லீங்க.”

“என்ன இது? சாதின்னு சொல்லிப்போடுங்க சார். வாய் நோகாது.”

அவர் சிரித்தார். அவர் அடுத்து வாயைத் திறக்குமுன் திரையில் எழுத்து ஓடியது.

*அப்பன் நம்ம தோட்டத்துல கிடக்கறான்.*

“உங்கப்பா நம்ம தோட்டத்துலதானுங்களே இருக்கறாரு, கண்ணு.”

அதே பேச்சு. திரையில் மட்டும் மரியாதை இல்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

“முடியாதுங்க சார். எங்கப்பாவே வந்து கேட்டாலும் முடியாது.”

“அவருகிட்ட மத்தியானமே பேசியாச்சுங்க. சரின்னுபோட்டாரு. காரணங்கூடக் கேக்கலீங்க.”

துண்டு அசைந்தது.

மின்விசிறி நின்றிருந்தது. காற்றே இல்லை. துணிக்கடியில் டொக். டொக். சாவகாசமாய்.

துண்டை இழுக்கக் கை நீட்டினாள். கை துணிக்கடியில் போய்விட்டது.

உள்ளே விரல்கள். சொரசொரப்பாக. ஈரமாக. அவள் விரல்களை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தன. மாட்டைப் பார்ப்பதுபோல.

“அப்பா?”

கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் அழுந்தியது. தழும்பு.

பேரம் முடிந்தால் பிடிக்கும் பிடி.

விடவில்லை.