ஐம்பத்து நான்கு ஆண்கள், பத்தொன்பது பெண்கள்

போன் அலறியது.

சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. திருச்சி டிவிஷன் ஆபீஸ். எஞ்சினியர் முகாமுக்குப் போயிருந்தார். எடுக்க வேண்டியவர் தலைமை குமாஸ்தா யதிராஜன்.

நெற்றியில் பிசகாத திருமண். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. ஐம்பத்து நான்கு வயதிலும் நாற்காலியில் சாயாத முதுகு.

"தலைமை குமாஸ்தா பேசறேன்."

"கொள்ளிடம் பாலத்து சைட்லேருந்து இன்ஸ்பெக்டர் கிளமென்ட் பேசறேன் சார். நாலாம் நம்பர் கிணத்துல ஒரு பொணம் கிடக்கு."

பாலத்தூணுக்காக ஆற்று மணலில் இறக்கும் வட்டக் கிணறு அது.

"யாரோடது?"

"மேஸ்திரி அடைக்கலம். பின்மண்டையில அடி. நேத்து சாயங்காலம் நடந்திருக்கணும். உங்க ஓவர்சியர் வீரராகவன் எங்க சார்?"

யதிராஜன் ரிசீவரைக் காது மாற்றிப் பிடித்தார்.

"சைட்லதான் இருக்கணும்."

"இருக்கணும்... இல்லையே. நேத்து இருந்தாராமே? உங்க அறிக்கையில அப்படித்தான் இருக்குன்னு சொல்றாங்க."

"அறிக்கையில இருந்தா சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டார். ரிசீவரை வைத்தார். தலைகீழாக வைத்திருந்தார்.

டைப்பிஸ்ட் ஜெகபர் அலி நிமிர்ந்து பார்த்தார். ஐயா எதையும் தப்பாக வைத்து அவர் பார்த்ததில்லை.

"ஐயா... தண்ணி கொண்டாரச் சொல்லவா?"

"வேண்டாம். வேலையப் பாருங்கோ."

*

1962ஆம் வருஷம், பங்குனி மாதம்.

கொள்ளிடத்தில் ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. எஞ்சினியர் தினம் தினம் மணலில் நடந்து பார்க்க முடியுமா? அதற்காகத்தான் தினச் சுருக்கம். ஒரே ஒரு தாள். இன்று ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தம் எத்தனை. கிணறு எத்தனை அடி இறங்கியது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மாலை ஐந்து மணிக்கு அது யதிராஜன் மேஜைக்கு வரும். அவர் சரிபார்ப்பார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெகபர் அலி டைப் அடித்த நகல் ஒன்று கான்ட்ராக்டரின் சைட் மானேஜருக்குப் போகும்.

அந்தத் தாளை எழுதுகிற ஓவர்சியர் வீரராகவன், யதிராஜனின் சொந்தத் தம்பி.

ஆறு வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

மருங்காபுரியில் நர்ஸாக இருந்த அக்னஸைக் கட்டிக்கொள்ளப்போவதாகத் தம்பி சொன்ன அன்று யதிராஜன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஸ்ரீரங்கத்துல ஒரு காதுக்கும் இது எட்டப்படாது. அப்பா மேல சத்தியம் பண்ணு."

தம்பி சத்தியம் செய்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். உத்தர வீதி வீட்டில் யதிராஜன் மட்டும் மிஞ்சினார். மனைவி ரங்கம்மா போய் அப்போதே பல வருஷம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய்.

அதன் பிறகு தம்பியிடமிருந்து வந்ததெல்லாம் தினச் சுருக்கம்தான்.

வீரராகவனுக்குக் கூட்டல் வராது. சிலேட்டு பிடித்த நாளிலிருந்தே வராது. ஆண் 40, பெண் 22 என்று எழுதி, மொத்தம் 52 என்பான். அண்ணன் சிவப்பு மையில் 62 என்று திருத்துவார். மறுநாள் மறுபடி தப்பு வரும். மறுபடி சிவப்பு மை.

ஆறு வருஷமாக அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

*

திங்கட்கிழமை காலை கிளமென்ட் ஆபீசுக்கே வந்தார். கையில் மூன்று தாள்கள்.

"உங்க தம்பி சனிக்கிழமை சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸை விட்டு இறங்கினார். பிடிச்சுட்டோம்."

"என்ன சொல்றான்?"

"புதன்லேருந்து நான் சைட்லயே இல்லைங்கறார். சரி, எங்க இருந்தீங்கன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார். 'சொல்லப்படாது, சத்தியம்'ங்கறார். முப்பத்தெட்டு வயசு ஆளுக்கு என்ன சார் சத்தியம்?"

யதிராஜன் பேனா மூடியைத் திருகினார். திறந்தார். மறுபடி திருகினார்.

"ஆனா புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் அவர் கையெழுத்துல அறிக்கை இருக்கு. போதாததுக்கு சாட்சி வேற இருக்கு. சைட் மானேஜர் அழகிரி."

"அவர் என்ன சொல்றார்?"

கிளமென்ட் நோட்டைப் பிரித்தார்.

"வெள்ளிக்கிழமை பூரா ஓவர்சியர் கூடவே இருந்தாராம். ரெண்டு பேரும் சேர்ந்து தலை எண்ணினாங்களாம். ஆண் அம்பத்திநாலு, பெண் பத்தொன்பது, மொத்தம் எழுபத்திமூணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடைக்கலத்துக்கும் ஓவர்சியருக்கும் சண்டை. அவர் கடப்பாரையை எடுத்ததை இவர் கண்ணால பாத்தாராம். அறிக்கையில பாத்தேன்... அதே அம்பத்திநாலு, அதே பத்தொன்பது. ஒரு ஆள் கூடக் குறையலை."

யதிராஜன் பேனாவைக் கீழே வைத்தார்.

"கேஸ் கச்சிதம் சார். தூக்குதான்." கிளமென்ட் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆறு வருஷத்து ஃபைலைப் புரட்டினேன். எல்லாத் தாள்லயும் உங்க சிவப்பு மை இருக்கு. இந்த மூணுல மட்டும் இல்லை. மூணு நாள் மட்டும் உங்க தம்பிக்கு எப்படி சார் கூட்டல் வந்துது?"

"தெரியாது."

"யோசிச்சுப் பாருங்க. நான் ஸ்டேஷன்லதான் இருப்பேன்."

*

அன்று யதிராஜன் சீக்கிரம் கிளம்பினார். முப்பது வருஷத்தில் அது முதல் தடவை.

உத்தர வீதியில் வெயில் சாயவில்லை. எதிர்வீட்டு வத்ஸலா தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். பார்க்காததுபோல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

செய்தி அதற்குள் வந்துவிட்டது.

அவர் பூட்டைத் திறந்து கூடத்தில் உட்கார்ந்தார். சுவரில் தகப்பனாரின் படம். அந்தக் குடும்பத்தில் எவரும் அதுவரை போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. எவரும் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆம்... அந்த மூன்று தாள்களையும் எழுதியது யதிராஜன்தான்!

புதன்கிழமை ஐந்து மணிக்குத் தாள் வரவில்லை. தம்பி லீவும் கேட்கவில்லை. எங்கே போயிருப்பான் என்று அண்ணனுக்குத் தெரியாதா? அறிக்கை வராவிட்டால் எஞ்சினியர் விசாரிப்பார். விசாரணை மருங்காபுரிக்குப் போகும். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வரும். தம்பியின் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதப் பழக்கியதே அவர்தான். தம்பியின் எழுத்து அவருக்குச் சுலபமாக வந்தது.

கூட்டலை மட்டும் தப்பாக எழுத அவர் கை மறுத்துவிட்டது.

குடும்ப மானத்தைக் காப்பாற்ற எழுதிய தாள், தம்பியின் கழுத்துக்குக் கயிறாகத் திரும்பி வந்து நிற்கிறது. உண்மையைச் சொன்னால் தம்பி பிழைப்பான். ஆனால் மோசடிக்காரன் என்ற பெயரோடும், அக்னஸ் என்ற பெயரோடும் அண்ணன் இந்தத் தெருவில் நடக்க வேண்டும். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்தான்.

பேசாமல் இருந்தால்? யாருக்கும் எதுவும் தெரியாது. கதவைச் சாத்திய வத்ஸலா ஒரு மாதத்தில் திறந்துவிடுவாள்.

யோசித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த வீட்டில் ஆளே இல்லை.

*

மறுநாள் காலை எட்டு மணி. அதே கோட்டு. அதே திருமண். ஸ்டேஷன் படி ஏறினார்.

"நான்தான் எழுதினேன், இன்ஸ்பெக்டர்."

"எதை சார்?"

"மூணு தாளையும். கையெழுத்தும் என்னோடது. அவன் சைட்லயே இல்லை."

கிளமென்ட் நாற்காலியை இழுத்துப் போட்டார். யதிராஜன் உட்காரவில்லை.

"தம்பியைக் காப்பாத்த இப்ப இப்படிச் சொல்றீங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்களே?"

"ஆபீஸ் நாற்காலியில உக்காந்துண்டு எழுதினேன். நம்பருக்கு எங்க போவேன்? அம்பத்திநாலு என் வயசு. பத்தொன்பது..." கோட்டின் பொத்தானைத் தடவினார். "என் ஆத்துக்காரி போய் பத்தொன்பது வருஷம். என்கிட்ட வேற நம்பர் இல்லை, இன்ஸ்பெக்டர்."

கிளமென்ட் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"அப்ப அழகிரி எதை எண்ணினான்?"

*

கொள்ளிடத்து மணல் கொதித்தது. அழகிரி சிமெண்ட் கொட்டகை நிழலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். கிளமென்டோடு வந்த யதிராஜனைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தார்.

"என்னங்க ஐயா... தம்பிக்காக என் கால்ல விழலாம்னு வந்தீங்களா?"

யதிராஜன் நாலாம் நம்பர் கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வேலை பாத்தாங்க?" என்றார் கிளமென்ட்.

"எத்தனை தடவைங்க சொல்றது? ஆண் அம்பத்திநாலு, பெண் பத்தொன்பது. ஓவர்சியரும் நானும் சேர்ந்துதான எண்ணினோம். சர்க்கார் பேப்பர்லயே இருக்கே."

"பெண் பத்தொன்பதா? கண்ணால பாத்தீங்களா?"

"தலையில சட்டியோட வரிசையா நின்னாங்க சார்."

கிளமென்ட் கொட்டகைக்குப் பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாரியாயி... இங்க வாம்மா."

அடைக்கலத்தின் மனைவி வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"வெள்ளிக்கிழமை நீங்க எத்தனை பொம்பளைங்க வேலைக்கு வந்தீங்க?"

"ஒருத்தியும் வரலைங்களே. பங்குனி வெள்ளி இல்லைங்களா... எல்லாரும் சமயபுரத்துக்கு மாவெளக்குப் போடப் போயிட்டோம். இந்த மானேஜரே வெள்ளிக்கெழம டவுனுக்குப் போய் பொழுது சாயத்தான் வருவேன்னு வியாழக்கெழமையே சொன்னாரு. இவருக்கு எப்படிங்க தெரியும்?"

"பேப்பர்ல பத்தொன்பதுன்னு இருக்கே?"

"பேப்பர்ல சட்டி தூக்கினது யாருன்னு பேப்பரைக் கேளுங்க."

அழகிரியின் டம்ளர் மணலில் விழுந்தது.

"ஆம்பளைங்களையாவது கேட்டீங்களா சார்? ஓவர்சியரைப் பாத்ததா எல்லாரும் சொன்னாங்களே..."

"கிணத்துக்குள்ள மண்ணு வெட்டறவன், மேல யாரு நிக்கிறான்னு எங்கய்யா பாப்பான்? நீ சொல்லச் சொன்னதைச் சொன்னாங்க." கிளமென்ட் மாரியாயி பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர் கடைசியா என்னம்மா சொன்னார்?"

"சிமெண்டைக் கொறைச்சு வெறும் மணலாப் போடுறாங்க, பாலம் நிக்காது, ஓவர்சியர் திரும்பி வந்ததும் சொல்லிடுவேன்னு சொன்னாருங்க. இவருகிட்டயும் மூஞ்சிக்கு நேரா சொன்னாராம்."

'திரும்பி வந்ததும்.' அந்த வார்த்தையை யதிராஜன் கேட்டார். அழகிரியும் கேட்டார்.

"சனிக்கிழமை காலையில நகல் உங்க கைக்கு வந்துது," என்றார் யதிராஜன். அவர் அன்று அழகிரியிடம் பேசிய முதல் வார்த்தை. "இல்லாத ஆள் இருந்ததா எழுதியிருக்கு. அவனே எங்கயோ உக்காந்து பொய் எழுதி அனுப்பியிருக்கான், வெளியில சொல்ல மாட்டான்னு நினைச்சீர். அதுல இருந்த தலையெல்லாம் என் தலைக்குள்ள இருந்தது ஓய்."

அழகிரி ஓடவில்லை. அந்த மணலில் ஓட முடியாது என்று அவருக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்தார்.

"கடப்பாரை... கொட்டகைக்குப் பின்னால புதைச்சிருக்கேன் சார்."

*

தம்பி விடுதலை. அண்ணன் சஸ்பென்ஷன்.

பதினைந்து நாள் ஆயிற்று. உத்தர வீதி வீட்டுக்கு யாரும் வரவில்லை. வத்ஸலாவின் கதவும் திறக்கவில்லை. ஐந்து மணி ஆனதும் யதிராஜனின் கை தானாக மேஜையைத் தடவும். தாள் எதுவும் இருக்காது.

ஒரு நாள் மாலை, சரியாக ஐந்து மணிக்கு வாசலில் பூட்ஸ் சத்தம். கிளமென்ட் நின்றிருந்தார்.

"உங்க தம்பி தெருமுனையில நிக்கிறார் சார். வர பயம். இதை மட்டும் குடுத்து விட்டார்."

தினச் சுருக்கம்!

அதே கோணல் எழுத்து.

இடம்: மருங்காபுரி. ஆண்: 1. பெண்: முன்பு 1, சைட்டுக்கு வராத புதன்கிழமை ஆஸ்பத்திரியில் புது வரவு 1. மொத்தம்: 2.

குறிப்பு: குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மேலதிகாரியின் உத்தரவு எதிர்பார்க்கப்படுகிறது.

யதிராஜன் அதை மூன்று முறை படித்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். சிவப்பு மையோடு திரும்பினார்.

'ஆண் 1' என்பதை அடித்து 2 ஆக்கினார். மொத்தத்தை அடித்து 4 ஆக்கினார். குறிப்புக்குக் கீழே எழுதினார்: 'பெயர் ரங்கம்மா. அனைவரும் உடனே நேரில் ஆஜராகவும்.'

தாளை நீட்டினார். முதுகு இப்போதும் வளையவில்லை.

"கட்டையில போறவன்... இன்னும் கூட்டத் தெரியலை அவனுக்கு."

கிளமென்ட் தாளை வாங்கிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சஸ்பென்ஷன்ல இருக்கிறவர் அறிக்கையைத் திருத்தக் கூடாது சார்... இன்னொரு கேஸ் போடட்டுமா?"