இலை தின்ற நத்தை, தின்னாத நத்தை

ரேடியோ பேசவில்லை.

இது லேசான விஷயம் இல்லை. வகுப்பில், படிக்கட்டில், வாய் நிறையச் சோற்றோடு என்று எங்கும் எப்போதும் பேசுகிறவன் என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. நேற்று மாலையிலிருந்து அவன் கொசுவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கொசு மாடி வீட்டுப் பெண். மெல்லிய குரலில் விடாமல் நச்சரிப்பாள். அவளுக்கும் பெயர் சும்மா வரவில்லை. நேற்றிலிருந்து அவள் வயிற்றுக்குள் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டே இருந்தது.

எல்லாம் படிக்கட்டின் கீழே வந்து படுத்த நாய்க்குட்டியால் வந்த வினை.

"சிங்கம்னு பேர் வைப்போம்" என்றான் ரேடியோ.

"துடைப்பத்தைப் பார்த்தாலே நடுங்குது. இது சிங்கமா? பஞ்சுன்னு வைப்போம்."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், கொசு தானே கணினியில் எழுதிய நத்தைப் பந்தயம் முடிவு சொல்லட்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஆளுக்கொரு நத்தை. வழியில் ஓர் இலை. இலை இருக்கும் புள்ளியில் நத்தை சரியாக வந்து நின்றால், தின்றுவிட்டுத்தான் கிளம்பும். மயிரிழை தள்ளி நின்றாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

மாடியில் கொசு தன் கணினியில் ஓட்டினாள். கீழ்வீட்டில் ரேடியோ அம்மாவின் போனில் ஓட்டினான். அதே பந்தயம், அதே நத்தைகள்.

"நான் ஜெயிச்சுட்டேன்!" என்று மேல் ஜன்னல் கத்தியது.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்று கீழ் ஜன்னலும் கத்தியது.

"பொய் சொல்லாதடா!"

"நீதான் பொய்! நீ எழுதின விளையாட்டுதானே? உன் வீட்ல நீ ஜெயிக்கிற மாதிரி எழுதிட்டே!"

படார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

ரேடியோ அளப்பான். குளத்தில் திமிங்கிலம் பார்த்தேன் என்பான். ஆனால் விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடியதே இல்லை. கொசுவும் ஏமாற்றவில்லை. அப்படியானால் பொய் சொல்வது யார்?

இன்று கொசு கீழே போய்க் கதவைத் தட்டினாள். ரேடியோவின் அம்மா திறந்தார்.

"வாம்மா. இவனுக்கு என்ன ஆச்சு? வாயே திறக்கலையேன்னு காய்ச்சலான்னு தொட்டுப் பார்த்தேன்."

"அத்தை, உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? சீக்கிரம் கொண்டுவந்துடுறேன்."

உள்ளே ரேடியோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காதுகள் மட்டும் வாசல் பக்கம் இருந்தன.

மாடியில் போனையும் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொசு நத்தைகளை ஒவ்வோர் அடியாக நகர்த்தினாள். நத்தை எங்கே நிற்கிறது என்று எண்ணும் காட்டச் சொன்னாள். இலை இருந்த இடம் பத்து. மூன்றாவது அடியில் போன் சொன்னது: 10. கணினி சொன்னது: 9.9999999.

போனில் அவள் நத்தை நின்று இலை தின்றது. கணினியில் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. ரேடியோவின் நத்தைக்கு அடி அளவே வேறு; அது இரண்டிலும் இலையைத் தாண்டித்தான் போனது.

"அடப்பாவி!" என்றாள் கொசு, கணினியிடம்.

அவளுக்கு வகுப்பு ஞாபகம் வந்தது. பத்தை மூன்றால் வகுக்கச் சொன்னபோது, அவள் 3.33 என்று எழுதி நிறுத்திவிட்டாள். ரேடியோ மூன்று மூன்றாகப் பக்கம் முடியும்வரை எழுதி, அதற்குப் பிறகு மேசையிலும் எழுதினான். அவள் நத்தையின் ஓர் அடியும் பத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மூன்று முடியவே முடியாது. இயந்திரங்கள் எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். இது ஓரிடத்தில் வெட்டியது, அது வேறோர் இடத்தில் வெட்டியது.

கொசு இரண்டிலும் பந்தய மைதானம் முழுவதையும் மூன்று மடங்கு பெரிதாக்கினாள். இப்போது அடி பத்து, இலை முப்பதில். வகுத்தலும் இல்லை, வெட்டலும் இல்லை.

பொத்தானை அழுத்தப் போனவள் விரல் நின்றது. பத்து, இருபது, முப்பது. அவள் நத்தை இலையில்தான் போய் நிற்கும். ரேடியோதான் ஜெயிப்பான். போனைப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வயிற்று நத்தை ஓடவே ஆரம்பித்துவிட்டது.

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"ரேடியோ! மேல வா! நீ சொன்னது நிஜம்தான்!"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

இருவரும் ஒன்றாக அழுத்தினார்கள். இரண்டு திரையிலும் அவள் நத்தை நின்று இலை தின்றது. இரண்டு திரையிலும் அவன் நத்தை ஜெயித்தது.

"நீ தோத்துட்டே" என்றான் ரேடியோ, தயங்கித் தயங்கி.

"ஆமாடா! ரெண்டுலயும் தோத்துட்டேன்!" பரிசு வாங்கியவள் போலக் குதித்தாள் கொசு.

"அப்போ நீ ஏமாத்தலையா?"

"நானும் இல்ல, நீயும் இல்ல. இந்த மூணுதான். முடியவே மாட்டேங்குது."

"நான்தான் அன்னைக்கே எழுதிக் காட்டினேனே! சார்தான் மேசையோட நிறுத்தச் சொன்னாரு. விட்டிருந்தா சுவத்துலயும் எழுதி, அப்படியே வெளியே போய்..."

ரேடியோ ஆரம்பித்துவிட்டான். படியிறங்கும்போதும் நிறுத்தவில்லை. கீழே போய், "டேய் சிங்கம்!" என்று கர்ஜித்தான். குட்டி நடுங்கிப்போய்க் கொசுவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நேற்றிலிருந்து கொசுவின் வயிற்றில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தை, எங்கோ ஓர் இலையைப் பார்த்து நின்றுவிட்டது.