முதுகு திருப்பி நின்ற ஏடு

காலை 7.10.

இரும்பு அலமாரியைத் திறந்த முன்னாள் செயலரின் கண்ணில் முதலில் பட்டது ஓர் இடைவெளி. இரண்டாம் தட்டில் ஆண்டுவாரியாகப் பதினொரு குறிப்பேடுகள் நிற்க வேண்டும். பத்துதான் நின்றன. ஏழாவது இல்லை. அதற்கடுத்த எட்டாவது மட்டும், சம்பந்தியோடு முறைத்துக்கொண்டவர் மாதிரி, முதுகை உள்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

பூட்டு உடையவில்லை. சாவி இராப்பகலாக அவர் இடுப்பிலேயே இருந்தது.

ஏழாவது ஏட்டில்தான் அந்தத் தொலைபேசிப் பேச்சு இருந்தது. சோதனை முடியும் முன்பே பாலத்தைத் திறக்கச் சொன்னது யார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தையில் என்று அன்றே எழுதிவைத்திருந்தார். திறந்த பதினெட்டாம் நாள் பாலம் விழுந்தது. ஒன்பது பேர் போனார்கள். அன்றைய அமைச்சர், தாம் யாரையும் அழைக்கவே இல்லை என்று சாதிக்கிறார். சட்டமன்ற விசாரணைக் குழுவின் அழைப்பாணை மேசைமேல் கிடந்தது: இன்று பதினொரு மணி, ஏட்டோடு வரவும். வெறுங்கையோடு போனால் செயலர் விலைபோய்விட்டார் என்றுதான் அந்த ஒன்பது வீடுகளிலும் பேசுவார்கள்.

பதவியில் இருந்தபோது அவர் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. ஓய்வு பெற்று நான்கு வருடம், மனைவி போய் மூன்று. அழைப்பாணை கொண்டுவந்த சேவகரையே உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, அரைமணி நேரம் பேசி அனுப்பியவர் அவர். சுவரோரம் பெட்டி ஒன்று கட்டித் தயாராக நின்றது. சாட்சியம் முடிந்த மறுநாள், மகள் வீட்டோடு இருந்துவிடக் கடல் கடந்து பயணம்.

8.05.

சாட்சியை அழைத்துப்போகக் குழு அனுப்பிய இன்ஸ்பெக்டர் வந்தார். அலமாரியைத் தட்டிப் பார்த்தார்.

"பக்கவாட்டுல பதினாலுன்னு பெயின்ட் அடிச்சிருக்கே?"

"ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினது. ஏலத்துல எடுத்தேன்."

"நேத்து யார் யார் வந்தாங்க?"

"மூணு பேர். காலையில வேலை செய்யற அம்மா. மத்தியானம் மச்சினன். சாயங்காலம் ரெக்கார்டு."

"ரெக்கார்டா?"

"எங்க ஆபீஸ் ஆவண அறைக் காப்பாளர். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். தினம் ஆறு மணிக்குச் செஸ் ஆட வருவார். அவருக்கும் வீட்டுல யாரும் இல்ல."

8.30. வேலை செய்யும் அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"வாசல் சாவி இருக்கு. ஆனா எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதுங்க. பத்துப் புத்தகத்துல எதுன்னு பார்த்து எடுப்பேன்?"

"பதினொண்ணு."

"பார்த்தீங்களா, எண்ணவும் தெரியலை!"

8.50. மச்சினன் தொலைபேசியில் கிடைத்தார்.

"அத்தான், மறைக்கல. அமைச்சரோட ஆளுங்க அனுப்பித்தான் வந்தேன். ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்கன்னு கெஞ்சினேன். ஆனா அந்தப் புத்தகம் என் கையில கிடைச்சிருந்தா நேத்தே கொளுத்திட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன்!"

9.15. ரெக்கார்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துணிப்பை. குழு அலுவலகம் வரை துணைக்கு வருவதாக ஏற்பாடு.

"நேத்து எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆறுலேருந்து எட்டு. நடுவுல ஏழு மணிக்கு சாரோட பொண்ணு பேசினாங்க. கீழ சிக்னல் எடுக்காது, சார் மொட்டை மாடிக்குப் போனார். நான் செஸ் பலகை முன்னாடி உட்கார்ந்திருந்தேன்."

9.40. இன்ஸ்பெக்டர் முதல் கடையிலேயே பேரத்தை முடித்துக்கொள்கிற ஆள்.

"அம்மா, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க."

அவள் செயலரைப் பார்த்தாள்.

"அவங்களை விடுங்க. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் செயலர். ஏழு பத்துக்கே தெரியும். வாயைத் திறக்கத்தான் இரண்டரை மணி நேரம் பிடித்தது.

"எட்டாவது ஏடு ஏன் திரும்பி நிக்குது, இன்ஸ்பெக்டர்?"

"அவசரத்துல இடிச்சிருப்பாங்க."

"இடிச்சா சாயும், விழும். முதுகைத் திருப்பிக்காது. ஆவண அறையில ஒரு ஃபைல் கட்டை எடுத்தா, பக்கத்துல இருக்கறதைத் திருப்பி வைப்பாங்க. மறுபடி வைக்கும்போது இடம் தேட வேண்டாம் பாருங்க. முப்பது வருஷம் பழகின கை, திருடும்போதும் அதைச் செஞ்சிடுச்சு."

"அப்போ சாவி?"

"ஏலத்துல எனக்கு ஒரு சாவிதான் கொடுத்தாங்க. பதினாலாம் அலமாரியோட இன்னொரு சாவி ஆவண அறைக் கொத்துல இருந்திருக்கும். அந்தக் கொத்து இன்னைக்கும் யார் இடுப்புல தொங்குதுன்னு நான் சொல்லணுமா?"

ரெக்கார்டு தோளிலிருந்த துணிப்பையை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கொளுத்தறவன் இடத்தைக் குறிச்சு வைக்க மாட்டான்," என்றார் செயலர், இப்போது நேராக அவரைப் பார்த்து. "திரும்ப வைக்கத்தானே எடுத்தீங்க, ரெக்கார்டு?"

ரெக்கார்டு துணிப்பையிலிருந்து காக்கித் தாள் சுற்றிய ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆவணத்தைத் தனியே விட்டுவிட்டு வரத் தெரியாதவர்; ஓரம்கூட மடங்கவில்லை.

"அமைச்சருக்காக இல்ல சார். சத்தியமா இல்ல. நேத்து நீங்க மாடிக்குப் போனதும் அந்தப் பெட்டி கண்ணுல பட்டுது. ஏடு காணோம்னா வாய்தா போடுவாங்க. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அதுவரைக்கும் நீங்க ஊர் போக முடியாது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"என்னன்னு சார் கேட்கறது? ஆறு மணிக்குப் போறதுக்கு எனக்கு வேற வீடு இல்லைன்னா?"

11.00. குழுவின் முன் செயலர் உறுதிமொழி எடுத்தார். தலைவர் கேட்டார்: "இந்த ஏடு எப்போதாவது உங்கள் பொறுப்பை விட்டுப் போனதுண்டா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். இன்ஸ்பெக்டர்கூடக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு பொய் கலந்தால் ஏடு முழுக்கக் கலப்படச் சரக்காகிவிடும். ஒன்பது பேருக்கும் அப்புறம் சாட்சி கிடையாது.

"போனது. நேற்று மாலை ஏழு மணியிலிருந்து இன்று காலை ஒன்பதே முக்கால் வரை."

"யாரிடம்?"

அவர் சொன்னார்.

அதன்பிறகே அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள். அமைச்சரின் வழக்கறிஞர் எழுந்தார், உட்கார்ந்தார். குழு உத்தரவிட்டது: ஏடு குழுவின் காவலில் இருக்கும். ரெக்கார்டும் இனி ஒரு சாட்சி. அறிக்கை வரும்வரை இரு சாட்சிகளும் ஊரை விட்டுப் போகக் கூடாது, ஒருவரையொருவர் சந்திக்கவும் கூடாது.

ஆக, ரெக்கார்டு ஆசைப்பட்டபடி செயலர் ஊரிலேயே இருந்தார்.

மாலை 6.00. பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டது. சட்டைகளை அடுக்கிவிட்டு, எட்டாவது ஏட்டை நேராக்கக் கை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, அது இருந்தபடியே இருக்கட்டும் என்று அலமாரியைப் பூட்டினார். செஸ் பலகையில் நேற்றைய ஆட்டம் பாதியில் நின்றது. நகர்த்த வேண்டியது எதிர்ப்பக்கம்.