எனக்கு நேராகத் தெரியும் பூ

அக்காவின் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் தும்பைச் செடி தலைகீழாக நின்றது. வேர் மேலே, வெள்ளைப் பூ கீழே.

"அக்கா, உன் செடி சர்க்கஸ் பண்ணுது!" என்று சிரித்தாள் வாண்டு. அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.

அக்கா சிரிக்கவில்லை. மேசையில் குவிந்திருந்த பேட்ஜுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெருஞ்சி, எருக்கு, குப்பைமேனி... எல்லாமே தலைகீழ்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தானாக முளைக்கும் செடிகளை அவள் ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். நாளை பள்ளித் தோட்டம் திறக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் படங்களைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அக்காவின் படங்களை வெளியாட்கள் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

"எப்படிடி இப்படி ஆச்சு?"

மேசையின் நடுவில் பேட்ஜ் அழுத்தும் கருவி இருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்து அக்கா படத்தை வைத்தாள். எதிரே உட்கார்ந்து வாண்டு அதன் பின்னால் வரும் ஊசித் தகட்டை வைத்தாள்.

"படத்தோட மேல்பக்கத்தை நான் என் பக்கமா வெச்சேன்" என்றாள் அக்கா.

"தகட்டோட மேல்பக்கத்தை நானும் என் பக்கமாதான் வெச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரிச்சு மாட்டலாமா?"

"அழுத்தினது அழுத்தினதுதான். பிரிச்சா படம் கிழிஞ்சிடும். வேற தகடும் இல்ல."

வாண்டு ஒரு பேட்ஜைத் திருப்பிக் குத்திப் பார்த்தாள். ஊசி கீழே போனதும் அது முன்பக்கமாகக் கவிழ்ந்தது, பேருந்தில் தூங்கி விழும் மாமாவைப் போல.

"விடு. எல்லாத்தையும் டப்பாவுல போட்டு மூடு. முடியலன்னு சொல்லிடறேன்." அக்கா டப்பாவை அருகே இழுத்தாள்.

வாண்டு கண்டங்கத்திரியைத் தேடி எடுத்தாள். அதை வரைந்தபோது அக்காவின் விரலில் முள் குத்தி ரத்தம் வந்தது.

"நீ மூடிக்கோ. இதை நான் கழட்டவே மாட்டேன்!"

வீம்பாகக் குத்திக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஊதாப் பூ நேராக நின்று அவளைப் பார்த்தது.

"அக்கா! எனக்கு நேரா தெரியுது!"

"உளறாதே."

"நீயும் குனிஞ்சு பாரேன்!"

அக்கா குனிந்தாள். தும்பை ஒழுங்காக நின்றிருந்தது. வேர் கீழே, பூ மேலே.

"எதிர்ல நிக்கறவங்களுக்கு?"

"அவங்க ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுவாங்க. குத்திக்கிறவங்கதானே நாள் முழுக்கப் பாப்பாங்க? இந்தச் சின்னப் பசங்க புதுசா எதைப் போட்டாலும் குனிஞ்சு அதையேதான் பாக்கும்."

"நீ மட்டும் ரொம்பப் பெரிய ஆளோ?" என்றாள் அக்கா. ஆனால் டப்பாவை மூடவில்லை.

மறுநாள் பள்ளி வாசலில் வாண்டுவே எல்லோருக்கும் குத்திவிட்டாள். "குனிஞ்சு பாரு. இது உனக்கு!" அக்கா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பிள்ளைகள் தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவன் கதவிடம் மன்னிப்புக் கேட்டான்.

தலைமையாசிரியர் ஒன்றாம் வகுப்புக் குட்டிப் பையனை நிறுத்தினார்.

"என்னப்பா, செடியைத் தலைகீழா குத்தியிருக்கே?"

"இது உங்களுக்கு இல்ல சார். எனக்கு" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமலே.

தலைமையாசிரியர் வெறுமையாக இருந்த தன் சட்டையைப் பார்த்தார். பிறகு வாண்டுவிடம் வந்து, "எனக்கும் ஒண்ணு குத்திவிடும்மா" என்றார்.

வாண்டு நெருஞ்சியைக் குத்திவிட்டாள். அவர் குனிந்தார். மூக்குக் கண்ணாடி நழுவியது. பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"அட! இது நம்ம சைக்கிள் நிறுத்தற இடத்துல இருக்கே! தினமும் மிதிச்சுட்டுத்தான் போறேன். இவ்வளவு அழகா மஞ்சளா பூக்குமா?"

தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"பூக்கும் சார். வாங்க, காட்டறேன்."