கண் சிமிட்டாத அம்மா

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தொணதொணப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஓயாமல் கேள்வி கேட்கிறேனாம். கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? இதையும் அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அம்மா வேலை செய்யும்போது மட்டும் நான் வாயே திறக்கக் கூடாது. அம்மா கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவர். சுவர் எங்கே, கதவு எங்கே, குழாய் எங்கே என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் மெல்லிய கோடுகளாகப் போடுவார். காலையில் உட்கார்ந்தால் இருட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டார்.

கொஞ்ச நாளாக அம்மாவின் கண் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தது. எரிகிறது என்பார், தலை வலிக்கிறது என்பார், கசக்கிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை, நடுநடுவே கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்பா உடனே அம்மாவின் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தார். அது கத்தும்போதெல்லாம் அம்மாவின் கை மட்டும் போய் அதன் வாயை அடைத்துவிட்டு வந்தது. தலை திரும்பவே இல்லை.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு மாடி வீட்டுக்குப் பிளான் போட்ட அம்மா, மாடிப்படியைப் போட மறந்துவிட்டார். வீட்டுக்காரர் போன் செய்து, மேலே பறந்து போக வேண்டுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாராம். அப்பாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தப்பு வந்தால் இப்போது வரைந்துகொண்டிருக்கும் நூலகப் பிளானை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று அவருடைய மேலாளர் சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பகீர் என்றது. அது குழந்தைகள் நூலகம். அதில் ஜன்னலுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஓர் இடம் வரப் போகிறது. அது என்னுடைய யோசனை. வேறு ஆள் வரைந்தால் அந்த ஜன்னல் இருக்குமா?

மறுநாள் பள்ளி இடைவேளையில், பக்கத்து பெஞ்சுத் தோழியும் நானும் கண் சிமிட்டாமல் பார்க்கும் போட்டி வைத்தோம். முதலில் சிமிட்டுகிறவர் அவுட். கொஞ்ச நேரத்தில் என் கண் காய்ந்தது, எரிந்தது, தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. தோற்றுப் போனேன். முகம் கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால், என் கண் அம்மாவின் கண் மாதிரியே இருந்தது.

அப்போது ஒரு கேள்வி என்னைக் குடைய ஆரம்பித்தது. அம்மா கண் சிமிட்டுகிறாரா?

சாயங்காலம் கதவோரம் நின்று அம்மாவையே பார்த்தேன். அவர் சிமிட்டும் வரை நானும் சிமிட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவுட். அதே அம்மா, போனில் சித்தியிடம் பேசும்போது படபடவென்று சிமிட்டினார். ஆக, அம்மா நாள் முழுவதும் கம்ப்யூட்டரோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணே கிடையாதே, அது எப்படித் தோற்கும்?

அப்பாவிடம் சொன்னேன். அவர் அசந்துபோனார். ஆனாலும், சிமிட்டு சிமிட்டு என்று சொன்னால் அலாரத்துக்கு ஆன கதிதான் நமக்கும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். அம்மா தானாகவே தலையைத் திருப்ப வேண்டும்.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு கிரேன். கட்டடம் என்றால் அம்மாவுக்கு உயிர். ஆனால் கம்ப்யூட்டரில் வெயில் பட்டுக் கூசுகிறது என்று ஜன்னலை எப்போதும் மூடியே வைத்திருந்தார். விடுமுறை நாளில், அம்மா குளிக்கப் போனதும், அப்பாவும் நானும் மேஜையைத் திருப்பிப் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டோம். இப்போது ஜன்னல் பக்கவாட்டில் இருந்தது. கம்ப்யூட்டரில் வெயில் படவே இல்லை.

அம்மா வந்து முறைத்தார். வேலை தலைக்கு மேல் கிடக்கிறபோது இது என்ன விளையாட்டு என்று அப்பாவுக்குத்தான் திட்டு விழுந்தது. மறுபடி நகர்த்த நேரமில்லாமல் அப்படியே உட்கார்ந்தார். நான் தரையில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தக் கிரேன்ல ஆள் இருக்காரா?"

"வேலை செய்யறப்ப பேசாதன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எனக்கு இங்கேருந்து தெரியல. ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

அம்மா வேண்டாவெறுப்பாகத் திரும்பினார். இருக்கிறார் என்றார். அவ்வளவு உயரம் எப்படி ஏறினார் என்று கேட்டேன். அம்மா இன்னும் கொஞ்சம் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே ஏணி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். கண் படபடவென்று சிமிட்டியது. நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அதிலிருந்து விட்டு விட்டுக் கேட்டேன். கிரேன்காரர் மேலேயே சாப்பிடுகிறாரா, மழை வந்தால் என்ன செய்வார் என்று. பள்ளிக்குப் போகிற நாளிலும் அம்மா தப்ப முடியாது. கிரேன்காரர் பகலில் என்னென்ன செய்தார் என்று சாயங்காலம் கேட்பேனே. அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் பார்த்தார், ஆனால் பார்த்தார். கண் சிவப்பும் மெல்ல மெல்லக் குறைந்தது.

நூலகப் பிளானை அனுப்ப வேண்டிய நாள். கிரேன் இன்று எதைத் தூக்குகிறது என்று கேட்டேன். அம்மா நிதானமாகப் பார்த்து, ஜன்னல் சட்டம் என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவர் பிளானை உற்றுப் பார்த்தார்.

"ஐயையோ, உன் ஜன்னல மறைச்சு அலமாரியப் போட்டு வச்சிருக்கேன்டி."

அலமாரியை எதிர்ச் சுவருக்குத் தள்ளி, பிளானை அனுப்பினார். மேலாளர் போன் செய்து, ஒரு தப்புகூட இல்லை, அந்த ஜன்னல் பிரமாதம் என்றாராம். நான் குதித்த குதியில் வீட்டுப்பாடம் மேஜைக்கு அடியில் போய்விட்டது.

அடுத்த வாரம் அம்மா புதுப் பிளான் ஆரம்பித்தார். நான் ஒரு கதைப் புத்தகத்தில் மூழ்கிப் போயிருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

"என்னடி தொணதொணப்பு, ரொம்ப நேரமா சத்தத்தையே காணோம்? ஏதாவது கேளேன். கண்ணு எரியுது."

என்னிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதே இல்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, எனக்கு இல்லை, அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதல் கேள்வியை ஆரம்பித்தேன்.