ஆம் என்று அழுத்தியவள்

சமையலறையில் அவள் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் லேப்டாப் ‘டிங்’ என்றது. அவள் முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும்போது மட்டும் அது எழுப்புகிற சத்தம். குழாயை மூடிவிட்டு, ஈரக்கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. திரை திறந்திருந்தது.

மணி ஐந்தரைதான். ஆனால் வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கூடத்தின் மூலைகளெல்லாம் அதற்குள் கறுத்துவிட்டன. ஈரச் சுவர் வாடையும், நாள் முழுக்க ஓடிச் சூடேறிய லேப்டாப்பின் பிளாஸ்டிக் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. இதையும் இப்போது பார்க்க வேண்டுமா என்று அவளுக்கு அழுகை வந்தது.

கம்ப்யூட்டரில் கோளாறு என்று போன் செய்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே வழி சொல்வதுதான் அவள் வேலை. எட்டு மணி நேரம் காதில் ஹெட்செட். “படிச்சுப் பார்க்காம எதையும் அழுத்தாதீங்க சார்” என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லுவாள். அப்படிப்பட்ட மகராசிதான் போன மாதம், இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு இது ஆகாது என்று தயாரித்தவர்களே கைவிரித்த புது இயங்குதளத்தை, அதன் சோதனையை ஏமாற்றி உள்ளே ஏற்றினாள். வேறு என்ன செய்வது? புதுப் பதிப்பு இல்லாதவர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவளையும் ஆறு வயது மகளையும் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ஒரு வேலைதான்.

ஏற்றிய நாளிலிருந்து ரோதனை. ஸ்பீக்கர் கரகரத்தது. விசிறி காரணமில்லாமல் இரைத்தது. ஒவ்வொன்றாக மல்லுக்கட்டிச் சரிசெய்தாள். கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருள் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வேறு ஏதோ மாடலுக்காக யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டு ஒப்பேற்றியிருந்தாள்.

“அம்மா, சீட்டு விளையாட வா” என்றாள் மகள் தன் அறையிலிருந்து.

“அப்புறம்டா கண்ணு. அம்மாவுக்கு அசதியா இருக்கு.”

“நேத்து மட்டும் ரொம்ப நேரம் விளையாடினியே?”

நேற்று வேலை முடிந்ததும் சோபாவில் சாய்ந்தவள், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் வாயில் வந்ததைச் சொல்லும் என்று விட்டுவிட்டாள். தன்னைப்போல் இன்னொருத்தி இருந்தால் தேவலை என்று அவள் நினைக்காத நாளில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீஸ் சீனியருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த அக்காவுக்கு மட்டும்தான் இந்தத் திருட்டுத்தனம் தெரியும்.

“அக்கா, ஆளே இல்லாம லாக் திறக்குதுக்கா.”

“உன் நாற்காலிய உன் மூஞ்சின்னு நினைச்சிருக்கும் போடி. முகப் பதிவுக்குள்ள போய்ப் பாரு, எத்தனை படம் இருக்குன்னு.”

அவள் பதிந்தது ஒரே ஒரு படம். அங்கே நாற்பத்தொன்று இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் பூட்டு திறந்ததும் ஒரு பெட்டி வரும். ஏதோ கேட்கும். நேரமாகிவிட்டதே என்கிற பதற்றத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். நாற்பது நாள். நாற்பது ‘ஆம்’.

முதல் சில படங்களில் அவள்தான் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், வாராத தலை. ஐந்தாவது படத்திலிருந்து, முகத்தைச் சுற்றிக் கேமரா போடும் பச்சைச் சதுரம் அவள் முகத்தை விட்டு நகர்ந்திருந்தது. அவள் தோளுக்குப் பின்னால், அலமாரிப் பக்கம், யாரோ. அடுத்ததில் வாசற்கதவருகே. அதற்கடுத்ததில் மகளின் அறை வாசலில். எல்லாம் அவள் முகம்தான். அவள் போட்டிருந்த அதே உடை. ஆனால் கருவளையம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். சமையலறையைப் பார்த்து நின்ற கடைசிப் படத்தில் அது சிரித்தது.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவள் ஒரு நாளும் படிக்காத அந்தக் கேள்வி இருந்தது: ‘இனி இவரே நீங்கள் என்று ஏற்கலாமா?’

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘அழி’ என்று கொடுத்தாள். திரை அணைந்தது. பூட்டிக்கொண்டது. முகத்தைக் காட்டச் சொன்னது.

காட்டினாள்.

‘உங்களைத் தெரியவில்லை.’

பாஸ்வேர்டை அடித்தாள். தவறு. மறுபடி, ஒவ்வொரு எழுத்தாக. தவறு.

“அக்கா, என்னைத் தெரியலன்னு சொல்லுதுக்கா.”

போனை வாயருகே கொண்டுபோனாள். மழை மட்டும் கேட்டது.

“அக்கா?”

“ஹலோ, யாருங்க பேசறீங்க?” என்றது சீனியரின் குரல். வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதை அதில் இருந்தது. “அவகிட்ட போனைக் குடுங்க.”

“நான்தான்கா.”

“சாரிங்க, ராங் நம்பர் போலிருக்கு.”

போன் துண்டிக்கப்பட்டது.

கேமராவின் பச்சைப் புள்ளி எரிந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தது.

டிங்.

திரை திறந்தது.

பின்னால், சமையலறையில், குழாயில் தண்ணீர் விழுந்தது. அவள் மூடிவிட்டு வந்த குழாய். பாத்திரத்தை யாரோ தேய்த்தார்கள். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. குழந்தை. முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். எழுந்தாள்.

மகளே அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் சீட்டுக்கட்டு. இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“கண்ணு, வா, போலாம்.”

மகள் ஓரடி பின்வாங்கினாள். புது ஆட்கள் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதன்படியே, தலை குனிந்து, பக்கத்திலிருந்த நாற்காலியை இவள் பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகு சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, யாரோ ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க.”

“உக்காரச் சொல்லுடா கண்ணு” என்றது அவளுடைய குரல், துளி அசதி இல்லாமல். “கை ஈரமா இருக்கு. துடைச்சிட்டு வரேன்.”

குழாய் நின்றது.